சேர்வராயன் மலைப் பெற்றோருக்கு: பள்ளியின் ரிசல்ட்டைப் படிப்பது எப்படி?

மே மாதம் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்ததும் சேலத்தில் பிளெக்ஸ் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அஸ்தம்பட்டியில் ஒன்று, கோரிமேட்டில் ஒன்று, அடிவாரம் வருவதற்குள் இன்னும் சில. ‘தொடர்ந்து 100 சதவீதத் தேர்ச்சி’ என்று பெரிய எழுத்து, கீழே வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள். பேருந்தில் வந்தவர்கள் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வீடு சேர்வதற்குள் மனதுக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: நம்ம ஊர்ப் பள்ளியில் 88தானே, பிள்ளையைக் கீழே சேர்த்துவிடலாமா?

இந்தக் கேள்வியோடு இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை, வாழவந்தி என்று மலையில் எந்த ஊராக இருந்தாலும் சரி. குறிப்பாக, வீட்டிலேயே முதல் ஆளாக ஒரு பிள்ளை பத்தாவது எழுதப்போகிறது என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். கணக்கு என்று சொன்னாலும் கூட்டல், வகுத்தலுக்கு மேல் இதில் ஒன்றும் கிடையாது.

எந்தச் சதவீதத்தைக் காட்டினாலும் ‘எத்தனை பேரில்?’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் ‘மீதிப் பேர் எங்கே?’ என்று கேளுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டு கேள்வியிலிருந்து கிளைப்பவைதான்.

முதல் வேலை: எந்த எண் யாரைப் பற்றியது?

செய்தியில் ‘தரவரிசை’ என்று வருவதெல்லாம் உங்கள் பள்ளியைப் பற்றியது ஆகாது. மத்தியக் கல்வி அமைச்சகம் ‘பி.ஜி.ஐ.’ என்ற செயல்திறன் குறியீட்டை வெளியிடுகிறது. அது மாநிலங்களுக்குப் போடும் மார்க். அதிலேயே மாவட்டங்களுக்கென்று தனியாக ஒன்றும் உண்டு. மாவட்டத்துக்கு மொத்தம் 600 புள்ளி. தக்ஷ், உத்கர்ஷ், அதி உத்தம், உத்தம் என்று மேலிருந்து கீழாகப் படிநிலைகள். சேலம் மாவட்டம் அதில் எந்தப் படியில் நின்றாலும், உங்கள் ஊர்ப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் கணக்கு நடக்கிறதா என்பது அதிலிருந்து தெரியவராது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம்.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேசிய அடைவு ஆய்வும் அப்படித்தான். 2021 நவம்பரில் 3, 5, 8, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்தது. 2024 டிசம்பரில் ‘பரக்’ என்ற பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் சில பிள்ளைகளை எழுதவைத்து, மாவட்டமும் மாநிலமும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவுத் தேர்வு ஒன்றை நடத்தியது. அதில் தங்கள் பள்ளிக்கென்று ஏதாவது அறிக்கை வந்ததா என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

‘ஷாலா சித்தி’ என்ற பெயரும் உங்கள் காதில் விழலாம். ஏழு தலைப்புகளில் ஒரு பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டு நிலை 1, 2, 3 என்று குறித்துக்கொள்வது அது. பள்ளி தன்னைத் திருத்திக்கொள்ள உதவும். நாம் பள்ளி தேர்ந்தெடுப்பதற்கு அதை நம்பி இறங்க முடியாது.

ஆக, உங்கள் பள்ளியை நேரடியாகக் காட்டுபவை இரண்டுதான்: பொதுத்தேர்வு ரிசல்ட், ‘யுடைஸ்’ என்ற அரசுத் தளத்தில் இருக்கும் பள்ளி விவரம். தொடக்கப் பள்ளி என்றால் ரிசல்ட்டே கிடையாது. தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போட்டு நிறுத்துவதில்லை. அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது வேலை: சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. எழுதாதவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம், உதாரணத்துக்குத்தான். முதல் பள்ளியில் ஒன்பதாவது தொடங்கும்போது 60 பேர். பத்தாவது பொதுத்தேர்வு எழுதியது 48 பேர், 48 பேரும் பாஸ். 100 சதவீதம் என்று பிளெக்ஸ் வரும். இரண்டாவது பள்ளியில் ஒன்பதாவதில் 40 பேர். பத்தாவது எழுதியது 39, தேறியது 35. ஏறத்தாழ 90 சதவீதம். பிளெக்ஸ் கட்டமாட்டார்கள்.

இப்போது ஒன்பதாவதில் கால் வைத்த பிள்ளைகளிலிருந்து கணக்குப் போடுங்கள். முதல் பள்ளியில் 60க்கு 48, அதாவது 80 சதவீதம். இரண்டாவதில் 40க்கு 35, அதாவது 87.5 சதவீதம். நம் பிள்ளை ஒன்பதாவதில்தான் சேரப்போகிறது என்றால், அது பத்தாவது தேறி வெளியே வர எந்தப் பள்ளியில் வாய்ப்பு அதிகம்? எஸ்டேட்டில் காப்பியைப் பழமாக நிறுத்த எடையும் காய்ந்த கொட்டையாக நிறுத்த எடையும் ஒன்றில்லை என்று இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். எதை நிறுத்தது என்று கேட்காமல் கிலோவைப் பற்றிப் பேசமாட்டோம். சதவீதத்தையும் அப்படியே கேட்க வேண்டும்.

அந்த மீதி 12 பேர் எங்கே போயிருப்பார்கள்? அப்பாவுக்கு வேலை மாறி வேறு ஊர்ப் பள்ளிக்குப் போயிருந்தால் யார் மேலும் குறையில்லை. ஆனால் ஒன்பதாவது முடியும்போதே ‘உங்க பிள்ளைக்கு இங்க சரிப்படாது, டி.சி. வாங்கிக்கோங்க’ என்று சொல்லி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. ‘தனித்தேர்வராக எழுதட்டும்’ என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. தனித்தேர்வர் எழுதினால் பள்ளியின் கணக்கில் வராது. வீட்டு வறுமையில் வேலைக்குப் போன பையன், பதினாறு வயதில் கல்யாணம் பேசி நிறுத்தப்பட்ட பெண் என்றும் இருக்கலாம்.

பெயர் பட்டியலில் இருந்தும் தேர்வுக்கு வராதவர்கள் இன்னொரு வகை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. அப்போது பெரிய செய்தியானது. கொரோனாக் காலத்திலேயே படிப்பை விட்டுவிட்ட பலரின் பெயர்கள் பதிவேட்டில் அப்படியே இருந்தன. அந்த ஆண்டின் தேர்ச்சி சதவீதத்தில் அவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: ஒன்பதாவதில் சேர்ந்தோர், பத்தாவதுக்கு வந்தோர், தேர்வு எழுதியோர், தேறியோர். அதே பிள்ளைகளின் கணக்காக இருக்க வேண்டும். 2025இல் பத்தாவது எழுதியவர்களைப் பார்க்கிறீர்கள் என்றால், ஒன்பதாவதுக் கணக்கு 2023 ஜூனிலிருந்து. இந்த ஆண்டின் ஒன்பதாவதையும் இந்த ஆண்டின் பத்தாவதையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு தப்பிவிடும். பலர் சறுக்குவது இதில்தான்.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பள்ளி வராண்டாவில் நின்றுகொண்டு, கூச்சப்பட்டு, ‘பையன் நல்லாப் படிக்கிறானா சார்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இப்படிக் கேட்கலாம்:

“சார், போன வருஷம் பத்தாவது எழுதின பசங்க ஒன்பதாவது சேரும்போது எத்தனை பேர் இருந்தாங்க?”

“ஏம்மா, எதுக்குக் கேக்கறீங்க?”

“பெரியவளை இங்க சேர்க்கலாம்னு இருக்கோம் சார். எத்தனை பேர் நடுவுல நின்னாங்க, எதனாலன்னு தெரிஞ்சா நாங்களும் ஜாக்கிரதையா இருப்போம்.”

நல்ல ஹெட்மாஸ்டர் என்றால் பதிவேட்டைப் பார்க்காமலேயே, நின்றுபோன பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, வீட்டுக்குப் போய்க் கூப்பிட்ட கதையையும் சொல்வார். என்னைக் கேட்டால், 100 சதவீதப் பலகையைவிட அந்தப் பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம். எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள தனியார் பள்ளிகளெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் சேலத்திலும் நாமக்கல், ராசிபுரம் பக்கத்திலும் இருக்கின்றன. ஆனால் சேர்க்கும்போதே தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் பள்ளியும், வந்த பிள்ளையை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளியும் ஒரே எண்ணைக் காட்டினால், அதிக வேலை செய்தது எந்தப் பள்ளி என்பதை யோசிக்க வேண்டும்.

சின்னப் பள்ளி என்றால்

மலைப் பள்ளிகளில் பத்தாவது எழுதுபவர்கள் குறைவு. 12 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் 91.7 சதவீதம், இரண்டு பேர் தவறினால் 83.3. ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டு சதவீதத்துக்கு மேல் ஆடும். 200 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் அரை சதவீதம்தான் குறையும். ஒரு குழந்தைக்குத் தேர்வு நாளில் காய்ச்சல் வந்ததற்காக ஒரு பள்ளியை மோசம் என்று தள்ளிவிடக் கூடாது.

இதற்கு வழி, மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது. 12 பேரில் 11, 15 பேரில் 15, 9 பேரில் 7 தேறினார்கள் என்றால் ஆண்டுவாரியாக 92, 100, 78 என்று எண் ஊஞ்சல் ஆடும். மொத்தமாக 36 பேரில் 33 பேர், ஏறத்தாழ 92. இதுதான் அந்தப் பள்ளியின் நிலை. சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். தலைகளை எண்ணித்தான் கூட்ட வேண்டும்.

அப்புறம், மாநிலச் சராசரியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பத்தாவதில் 2024இல் 91.55 சதவீதம், 2025இல் 93.80. பன்னிரண்டாவதில் 2024இல் 94.56, 2025இல் 95.03. ‘90 சதவீதம் வாங்கினோம்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது மாநிலச் சராசரிக்குக் கீழே என்பது இதிலிருந்து புரியும். மலையில் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தையும், காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வகுப்பு காலியாவதையும் கணக்கில் எடுத்தால் அந்த 90 பெரிய உழைப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

பாஸ் என்பதற்கு 35 மார்க் போதும். எல்லோரும் 35இல் தேறிய 100 சதவீதமும் உண்டு, பாதிப் பேர் 70ஐத் தாண்டிய 92 சதவீதமும் உண்டு. ‘பத்தாவதில் 500க்கு 300ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர்?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிடுங்கள். ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. முதலிடம் யாருக்கு என்பதைவிட நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் நமக்கு வேண்டும். பெரும்பாலும் நம் பிள்ளை அங்கேதான் இருக்கும்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி பார்ப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே என்னென்ன குரூப் இருக்கிறது, அதற்குப் பாட ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இயற்பியலுக்கு ஆளே இல்லாத பள்ளியின் பன்னிரண்டாவது சதவீதம், நர்ஸ் ஆகணும் என்று நினைக்கும் உங்கள் பெண்ணுக்கு எதையும் சொல்லாது. பொதுவாகவே ஆசிரியர் விஷயத்தை விடாதீர்கள். போன ஆண்டு நல்ல ரிசல்ட் கொடுத்த கணக்கு டீச்சர் கலந்தாய்வில் இடமாற்றம் வாங்கிக் கீழே போயிருக்கலாம். எண் பழைய டீச்சருடையது, பிள்ளை உட்காரப்போவது புதிய டீச்சரிடம், அல்லது காலியிடத்தின் முன்னால்.

தொடக்கப் பள்ளிக்கு: வீட்டிலேயே பார்க்கலாம்

கொரோனாவுக்குப் பிறகு, 2022இல், தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரையும் பிறகு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் கொண்டுவந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டீச்சரைப் பார்க்கும்போது ‘எங்க பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா? ஜூன்ல எங்க இருந்தது, இப்ப எங்க இருக்கு?’ என்று கேளுங்கள். பள்ளிக்கு ரேங்க் தேடுவதைவிட இந்தக் கேள்வியில் பலன் அதிகம்.

அதோடு வீட்டில் ஒரு சோதனை. கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ‘அசர்’ ஆய்வில் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்து, ஐந்தாவது படிக்கும் பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். திட்டக் கூடாது, நடுவில் திருத்தவும் கூடாது. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ‘என்ன கதை, சொல்லு’ என்று கேளுங்கள். வீட்டில் பேசும் மலைப் பேச்சிலேயே சொல்லட்டும். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாலும் கதையைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பழக்கம்தான் வேண்டும். கடகடவென்று படித்துவிட்டுக் கதை தெரியாமல் விழிக்கும் பிள்ளையைப் பற்றித்தான் டீச்சரிடம் பேச வேண்டும். பிறகு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 84ஐ 4ஆல் வகுக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் அக்காவையோ அண்ணனையோ கூட உட்காரவைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை தடுமாறினால், பள்ளியை மாற்றுவதற்கு முன் டீச்சரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதன்பின் அவர் என்ன செய்கிறார் என்பது பள்ளியைப் பற்றி உங்களுக்கு எல்லாம் சொல்லிவிடும்.

யுடைஸ் விவரம்: போனில் பார், பிறகு கண்ணால் பார்

ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்கு 33, சேலத்துக்கு 08; ஆகவே நம் மாவட்டப் பள்ளிகளின் எண் 3308 என்று தொடங்கும். யுடைஸ் பிளஸ் தளத்தில் ‘உங்கள் பள்ளியை அறியுங்கள்’ என்ற பகுதியில் அந்த எண்ணையோ பள்ளியின் பெயரையோ போட்டால் பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், கணினி என்று விவரம் வரும். சிக்னல் இல்லாத ஊர் என்றால் ஏற்காடு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இது பள்ளியே நிரப்பி அனுப்பும் விவரம், சில மாதமாவது பழையதாக இருக்கும். ‘கழிப்பறை உண்டு’ என்று இருந்தால் நேரில் போய்த் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். வயசுக்கு வந்த பெண் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் இதைப் பார்க்காமல் சேர்க்கவே கூடாது.

ஆசிரியர் விகிதமும் ஏமாற்றக்கூடியது. 20 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள் என்றால் ஆளுக்குப் பத்து பிள்ளை. பெரிய தனியார் பள்ளியிலும் அப்படிக் கிடைக்காது என்று தோன்றும். கல்வி உரிமைச் சட்டப்படியும் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஆனால் அந்த இரண்டு பேர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கு ஏற்காடோ சேலமோ போனால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு, ‘ஒரு டீச்சர் எத்தனை வகுப்பு பார்க்கிறார்?’ என்று கேளுங்கள்.

எந்த மதிப்பீட்டிலும் வராதவை

ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போது இதை யோசியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதே தகுதியோடு கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் ‘புதுமைப்பெண்’ திட்டத்தில் மாதம் ₹1,000. நடுவில் இரண்டு ஆண்டு பிளெக்ஸ் பார்த்துத் தனியார் பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் இவை கைவிட்டுப் போகலாம். மாற்றுவதற்கு முன் தகுதி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன; அவை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருவதில்லை. விடுதியில் சாப்பாடு, தண்ணீர், இரவில் யார் காவல் என்று ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்தத் துறை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். எது எந்தத் துறைப் பள்ளி என்று தெரியாமல் அலைந்து சம்பளத்தை இழந்தவர்கள் நம்மில் பலர்.

கேட்டும் பதில் வராவிட்டால்

அரசுப் பள்ளி என்றால் முதல் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுக் கூட்டத்தில் நான்கு கட்ட நோட்டை எடுத்து வைத்து, கட்டங்களை நிரப்பித் தரச் சொல்லுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் ‘இந்தம்மா பிரச்சினை பண்றாங்க’ என்று ஆகிவிடும். குழுவில் கேட்டால் தீர்மான நோட்டில் ஏறும். ஒரு பிள்ளையை நிறுத்தி வேலைக்கு அனுப்புகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்கும் புகாருக்கும் 14417.

தனியார் பள்ளியில் இந்தக் குழு கிடைக்காது. அந்தப் பள்ளியின் ஒன்பதாவது, பத்தாவதுக் கணக்கு வேண்டுமென்றால் சேலத்தில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். வெள்ளைத்தாளில் மனு எழுதி, ₹10க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று முகவரி போட்டு அனுப்ப வேண்டும். நான்கு கட்டங்களையும் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுவாரியாகக் கேளுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது, ‘எத்தனை’ என்று கேட்டால் வரும். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. சேர்க்கை ஜூனுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் மார்ச் கடைசியிலேயே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிட்டு ரசீதை நோட்டிலேயே ஒட்டிவையுங்கள்.